ஐம்பத்தைந்தாம் அடியில் நின்றுபோன பாதை: மண்டபம் கடற்கரையில் ஒரு கணிதப் பயிலரங்கு – நிகழ்வு ஆய்வு

ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை, இயக்க அமைப்புகளையும் (ஒரு நிலையான விதிப்படி காலத்தோடு மாறிவருபவை) எர்காடிக் கோட்பாட்டையும் (அவற்றின் நெடுங்காலச் சராசரிகளை ஆராய்வது) மையமாக வைத்து ஐந்து நாள் பயிலரங்கு ஒன்றை, மண்டபத்துக்கு அருகே வடகடலைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு பயிற்சி அரங்கில், தை மாதக் கடைசியில் நடத்தியது. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரிகளில் பணியாற்றும் இளம் ஆசிரியர்கள் ஆகியோர் பங்கேற்றனர். காலையில் விரிவுரை, பிற்பகலில் செய்முறை என்பது ஏற்பாடு. செய்முறை அமர்வுகளின் பொறுப்பு என்னுடையது. ஐந்து நாளில் நடந்த அனைத்தையும் பதிவு செய்வது இந்த ஆய்வின் நோக்கம் அன்று. இரண்டாம் நாள் பிற்பகலில் நேர்ந்த ஒரு பிசகு, அதன் காரணத்தை நான் தவறாகக் கணித்த விதம், அந்தப் பிசகு பயிலரங்கின் மீதிப் போக்கை மாற்றிய விதம் ஆகியவற்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாள்

முதல் நாள் விரிவுரை வரலாற்றில் தொடங்கியது. மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது அவற்றின் இயக்கம் என்னவாகும் என்ற கேள்வியை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்ங்காரே, 1890-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், வரம்புக்குட்பட்ட வெளியில் கன அளவு மாறாமல் நடக்கும் இயக்கம், ஏறத்தாழ எல்லாத் தொடக்கப் புள்ளிகளுக்கும், தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் என்று நிறுவினார். எவ்வளவு அடிக்கடி திரும்பும் என்பதற்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிர்காஃப் தம் தேற்றத்தை 1931-இல் வெளியிட்டார். அவருக்கு முன்பே வேறொரு வகைச் சராசரிக்கு நிறுவல் கண்டிருந்த ஃபான் நாய்மனின் கட்டுரை 1932-இல் அச்சேறியது.

பிர்காஃப் தேற்றம் சொல்வது இதுதான்: எர்காடிக்கான, அதாவது தனித்தனியே இயங்கும் பகுதிகளாகப் பிரிக்க முடியாத, ஓர் அமைப்பில், ஒரே புள்ளியை நெடுங்காலம் பின்தொடர்ந்து எடுக்கும் சராசரியும், வெளி முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்து எடுக்கும் சராசரியும், ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளுக்கும் சமமாக இருக்கும். விரிவுரையாளர் இதை விளக்க, ஒரு நாட்டுப்படகை ஆண்டு முழுவதும் பின்தொடர்வதையும், ஒரே காலையில் கடலில் உள்ள படகுகள் எல்லாவற்றையும் கணக்கெடுப்பதையும் ஒப்பிட்டார். உவமை அழகாகவே இருந்தது. ஆனால் அது 'ஏறத்தாழ எல்லா' என்ற சொற்களைத் தொடவே இல்லை. எழுதியிருந்தும் யாரும் படிக்காத நிபந்தனைபோல அச்சொற்கள் பலகையின் ஓரத்திலேயே கிடந்தன.

இரண்டாம் நாள் பிற்பகல்

செய்முறைக்கு நான் தேர்ந்தெடுத்தது, பாடநூல்களில் முதலில் வரும் இரட்டித்தல் சார்பு. 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுத்து அதை இரட்டிக்க வேண்டும். விடை 1-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 1-ஐக் கழிக்க வேண்டும். கிடைத்ததை மறுபடி இரட்டிக்க வேண்டும். இரும முறையில் எழுதினால் இது புள்ளிக்குப் பின் வரும் முதல் இலக்கத்தை உதிர்ப்பதற்குச் சமம். நீள அளவையைப் பொறுத்து (ஒரு துண்டின் அளவை அதன் நீளமே) இச்சார்பு எர்காடிக் என்பது முந்தைய நாளே நிறுவப்பட்டிருந்தது. ஆகவே பாதை தன் காலத்தில் பாதியை இடைவெளியின் இடப் பாதியில் கழிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எண்ணிலிருந்து தொடங்கி, 10,000 புள்ளிகளைக் கணித்து, இடப் பாதியில் விழுந்தவற்றின் விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். 0.5-க்கு அருகில் விடை வரும் என்பது என் எதிர்பார்ப்பு.

0.1-இலிருந்து தொடங்கியவரின் திரையில் 0.9973 என்று வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் 0.3-இல் தொடங்கியிருந்தார்; அவருக்கும் 0.99-க்கு மேல். இரண்டின் வர்க்கமூலத்திலிருந்து 1-ஐக் கழித்து எடுத்தவருக்கும், கணினியையே சமவாய்ப்பு எண் ஒன்றைத் தரச் சொன்னவருக்கும் அதே கதை. அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. நான் அப்போது செய்தது, இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சம் தருகிறது. நிரலில் பிழை இருக்கும், ஒப்பீட்டுக் குறியைச் சரிபாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடியே எல்லோரும் சரிபார்த்தார்கள். சிலர் முழு நிரலையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதினார்கள்; இரண்டு பேர் மடிக்கணினியை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போயிற்று. பிழை நிரலில் இல்லை.

இதற்கிடையே ஓர் ஆய்வு மாணவர் எழுந்து, "சார், தேற்றமே ஏறத்தாழத்தானே உண்மை என்று நேற்றுச் சொன்னார்கள், அதனால்தான் விடை விலகி வருகிறதோ?" என்று கேட்டார். நான் அந்தக் கேள்வியைக் கடந்துபோய்விட்டேன். அன்றைய என் தவறுகளில் பெரியது அதுவே என்று பின்னர் உணர்ந்தேன்.

முடிச்சை அவிழ்த்தவர் கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர். அவர் விகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, 0.1-இன் பாதையை அடி அடியாக அச்சிட்டுப் பார்த்தார். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது: 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2. காகிதத்தில் கணக்கிட்டால் இந்த நான்கு எண்களே என்றென்றும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். திரையில் 49-ஆம் அடியில் 0.203125 என்று இருந்தது. அடுத்து 0.40625. பின் 0.8125, 0.625, 0.25, 0.5. ஐம்பத்தைந்தாம் அடியில் 0. அதன் பிறகு பக்கம் பக்கமாகச் சுழி மட்டுமே. சுழியை இரட்டித்தால் சுழிதான். அது இடப் பாதியில் கிடக்கிறது. 10,000 புள்ளிகளில் 9,973 அங்கே விழுந்ததன் காரணம் அதுவே.

"0.203125 என்றால் 13/64 சார். 64 இரண்டின் அடுக்கு" என்று அவர் சொன்ன பிறகு விளக்க அதிகம் எஞ்சவில்லை. கணினியால் 0.1-ஐ உள்ளபடி வைத்துக்கொள்ள முடியாது. வழக்கமான 64 பிட் முறையில் அது 3602879701896397-ஐ இரண்டின் 55-ஆம் அடுக்கால் வகுத்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. உண்மையான 0.1-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, புள்ளிக்குப் பின் பதினேழு சுழிகள் தாண்டி வருகிற அளவுக்குச் சிறியது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் வேறுபாடும் இரட்டிக்கிறது. கூடவே பின்னத்தின் பகுதியிலிருந்து ஓர் இரண்டு உதிர்கிறது. 55 முறை உதிர்ந்தபின் மிஞ்சுவது முழு எண். அதைக் கழித்தால் சுழி. இந்தக் கணக்கில் முழுதாக்கல் பிழை (இலக்கங்களைச் சுருக்குவதால் வருவது) எங்கும் நுழையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணினி, தான் வாங்கிக்கொண்ட எண்ணின் பாதையைத் துல்லியமாகவே கணித்தது. அது வாங்கிக்கொள்ளக்கூடிய எண்கள் அனைத்தும் இரண்டின் அடுக்கைப் பகுதியாகக் கொண்டவை என்பதுதான் சிக்கல். அவை எண்ணிடத்தக்கவை, அதாவது 1, 2, 3 என்று வரிசைப்படுத்தக்கூடியவை, ஆகவே அவற்றின் மொத்த அளவை சுழி. பிர்காஃப் தேற்றம் தன் பொறுப்பிலிருந்து விலக்கிவைத்த புள்ளிகளை மட்டுமே தேர்ந்தெடுத்து, நாங்கள் ஒரு பிற்பகல் முழுவதும் அத்தேற்றத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சொல்லின் சிக்கல்

ஆய்வு மாணவரின் கேள்விக்கு இப்போது திரும்புகிறேன். தமிழில் 'ஏறத்தாழ' என்பதற்கு இரு பயன்பாடுகள் உண்டு. ஏறத்தாழ நூறு பேர் வந்தார்கள் என்றால் எண்ணிக்கை துல்லியமில்லை என்று பொருள். ஏறத்தாழ எல்லோரும் வந்தார்கள் என்றால் ஒரு சிலர் வரவில்லை என்று பொருள். கணிதத்தில் சொல்லப்படுவது இவ்விரண்டில் எதுவும் இல்லை. சமன்பாடு துல்லியமானது, அதில் தோராயம் என்ற பேச்சே கிடையாது. விலக்கப்பட்ட புள்ளிகளோ ஒரு சில அல்ல. இரட்டித்தல் சார்பில் அவை இடைவெளி முழுவதும் அடர்ந்து பரவியிருக்கின்றன. எண்ணிட முடியாத அளவுக்கு உள்ளன. எவ்வளவு சிறிய துண்டை வெட்டி எடுத்தாலும் அதற்குள் இருக்கின்றன. அவற்றின் அளவை மட்டுமே சுழி. மாணவர் முதல் பொருளைக் கொண்டார். அரங்கில் பெரும்பாலோர் இரண்டாம் பொருளைக் கொண்டிருந்தனர். பலகையில் இருந்தது மூன்றாவது.

அன்று மாலை திரைகளை மூடிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தோம். 1/7-இல் தொடங்கினால் 1/7, 2/7, 4/7, மறுபடி 1/7. மூன்றில் இரண்டு பங்குக் காலம் இடப் பாதியில் கழிகிறது. 1/11-இல் தொடங்கினால் 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6 என்று பதினொன்றின் கீழ் வரும் பத்துத் தொகுதிகளும் ஒருமுறை வந்துபோகின்றன. இடப் பாதியில் சரியாக ஐந்து. தேற்றம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களிடம், இடக்கோடிக் கால் பகுதியை எண்ணச் சொன்னேன். அங்கே 1/11, 2/11 ஆகிய இரண்டே உள்ளன. கால் பங்கு வரவேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 1/11-உம் விலக்கப்பட்ட புள்ளிதான், சற்று நாகரிகமாக நடந்துகொள்கிறது, அவ்வளவே. விகிதமுறு எண்கள் எல்லாமே இப்படித்தான். விகிதமுறா எண்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். ஏறத்தாழ எல்லா எண்களின் இரும இலக்கங்களும் சீராகப் பரவியிருக்கும் என்று பொரேல் 1909-இலேயே சொல்லிவிட்டார். ஆயினும் இரண்டின் வர்க்கமூலமோ பையோ அப்படிப்பட்டது என்று இன்றுவரை யாரும் நிறுவியதில்லை.

அந்தச் சொல்லுக்கு மாற்றாக என்ன வைக்கலாம் என்ற விவாதம் இரவு உணவு வரை நீண்டது. 'அளவையால் எல்லாம்' என்று ஒருவர் சொன்னார். சுருக்கமாக இருந்தாலும் வாயில் ஒட்டவில்லை. 'சுழி அளவை நீங்கலாக எல்லாப் புள்ளிகளும்' என்பதை முடிவாகக் கொண்டோம். நீளம்தான். ஆனால் நீங்கலானவை இருக்கின்றன என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும் தொடர் அது.

நிரலுக்குத் தீர்வு எளிது. 10,053 பிட்கள் கொண்ட முழு எண் ஒன்றைச் சமவாய்ப்பாக எடுத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக உதிர்த்தால், 10,000 புள்ளிகள் வரை பாதை இறப்பதில்லை; பெரும்பாலான விடைகள் 0.49-க்கும் 0.51-க்கும் இடையில் வந்தன. ஆனால் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கின்மையை நாமே முன்கூட்டி நிரப்பிவைத்துவிட்டு, சார்பு அதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதைப் பார்த்து வியக்கிறோம். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பல வகுப்புகளில் இரட்டித்தல் சார்புக்குப் பதிலாக 4x(1−x) என்ற இருபடிச் சார்பைக் காட்டுவதுண்டு. அங்கே முழுதாக்கல் பிழை ஒவ்வோர் அடியிலும் நுழைந்து பாதையை ஓடவைத்துக்கொண்டே இருப்பதால் படம் அழகாக வந்துவிடுகிறது, யாரும் எதையும் சந்தேகிப்பதில்லை. எங்கள் சார்பு ஐம்பத்தைந்தாம் அடியில் வெளிப்படையாக இறந்தது ஒருவகையில் நல்லதாயிற்று.

மூன்றாம் நாள்: ஓதக் கணக்கு

மூன்றாம் நாளுக்கு முதலில் வேறு திட்டம் இருந்தது. அதைக் கைவிட்டு, ஒரு புள்ளிகூட விலக்கப்படாத அமைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒரு வட்டத்தை ஒவ்வோர் அடியிலும் விகிதமுறாக் கோணம் ஒன்றால் சுழற்றினால், எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் பாதை வட்டத்தில் சீராகப் பரவும்; வைல் 1916-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முதல் பயன் இது. இதற்குக் கணினி வேண்டியிருக்கவில்லை. அதிகாலையில் எல்லோரும் படகுத்துறைக்குப் போனோம்.

வலையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், தண்ணீர் ஏறும் நேரத்தைப் பற்றி ஒரு மாணவர் கேட்டார். "நேத்து ஏறுன நேரத்துக்கு இன்னைக்கு ஏறாது தம்பி. முக்கா மணிக்கு மேல தள்ளிப் போகும். காத்து ஓங்கி அடிச்சா அந்தக் கணக்கும் கெட்டுப் போகும்" என்றார். மூன்று வாக்கியங்களில் மாதிரியையும் அதன் வரம்பையும் சொல்லிவிட்டார். பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. காற்று தள்ளும் நீர் அதை எளிதில் மறைத்துவிடும்.

சந்திரனால் உண்டாகும் முதன்மையான ஓதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12.42 மணி நேரம் ஆகிறது. ஆகவே உயர் ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50.5 நிமிடம் பிந்துகிறது. உயர் ஓதம் காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் வரும் நாளை 'நல்ல நாள்' என்று கொள்வோம். ஒரு நல்ல நாளுக்கும் அடுத்த நல்ல நாளுக்கும் சராசரியாக எத்தனை நாள்? காட்ஸ் 1947-இல் நிறுவிய முடிவு இதற்கு நேரடி விடை தருகிறது: எர்காடிக் அமைப்பில் ஒரு பகுதிக்குத் திரும்பிவரும் சராசரிக் காலம், அப்பகுதி முழுமையில் எத்தனையில் ஒரு பங்கோ அத்தனை அடிகள். 12.42 மணியில் ஒரு மணி நேரம் என்பதால் விடை 12.42 நாள்.

இதைக் கையாலும் சரிபார்த்தோம். ஐந்து நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் இதுதான். உயர் ஓதம் 5 மணி 9½ நிமிடத்துக்கு முன் வந்தால், மறுநாளும் 6 மணிக்குள் வந்துவிடும்; திரும்பும் காலம் 1 நாள். அதற்குப் பிந்தி, ஆனால் 5 மணி 38½ நிமிடத்துக்கு முன் வந்தால் 15 நாள். அதற்கும் பிந்தினால் 14 நாள். வேறு எண் வரவே வராது. அந்த ஒரு மணி நேரத்தில் இம்மூன்று வகைகளின் பங்கு முறையே 9.5, 29.1, 21.4 நிமிடம். பெருக்கிக் கூட்டி 60-ஆல் வகுத்தால் 12.42 வந்து நிற்கிறது. திரும்பும் காலங்கள் மூன்றே என்பதும், பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகை (1 + 14 = 15) என்பதும் தற்செயல் அல்ல; ஸ்டெய்ன்ஹாஸ் ஊகித்து 1950-களின் இறுதியில் நிறுவப்பட்ட மூன்று இடைவெளித் தேற்றத்தின் மறுபக்கம் அது.

அப்போது பரமக்குடி ஆசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். சந்திரன் நாளுக்கு இரண்டு நாழிகை பிந்தி உதிக்கும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த வாய்க்கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓதத்துக்கும் ஓதத்துக்கும் 31 நாழிகை, நாளுக்கு 60 நாழிகை; ஆகவே 31 நாளில் சரியாக 60 ஓதங்கள் முடிந்து, எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். வட்டத்தில் 31 புள்ளிகள் மட்டுமே. எர்காடிக் தன்மை போயிற்று. வழக்குக்கு அது போதுமான தோராயம்தான். நாளுக்கு இரண்டரை நிமிடம் மட்டுமே பிசகும். ஆனால் அந்த இரண்டரை நிமிடம்தான் விகிதமுறு சுழற்சியையும் விகிதமுறாச் சுழற்சியையும் பிரிக்கிறது. இந்த எடுத்துக்காட்டு என் குறிப்பேட்டில் இருக்கவில்லை. அடுத்த முறை இருக்கும்.

மற்ற இரண்டு நாட்கள்

நான்காம் நாள் காலை விரிவுரை நேர்ச்சீரான வெளிகளில் (எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பவை) நிகழும் ஓட்டங்களைப் பற்றியது. கடினமான பகுதி, பங்கேற்றவர்களில் பாதிப் பேருக்குமேல் நிறுவலைப் பின்தொடர முடியவில்லை. ஆயினும் இரண்டாம் நாள் பிசகின் பயனாக, அந்த விரிவுரையின் மையக் கேள்வி மட்டும் எல்லோருக்கும் பிடிபட்டது. சுழி அளவை நீங்கலாக எல்லாப் பாதைகளும் சீராகப் பரவும் என்பது பழைய எர்காடிக் கோட்பாட்டிலிருந்தே கிடைத்துவிடும். விலக்கே இல்லாமல் ஒவ்வொரு பாதையின் நடத்தையையும் சொல்ல முடியுமா என்பதுதான் ரகுநாதன் முன்வைத்த ஊகத்தின் உயிர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரும் தானியும் வளர்த்த சிந்தனை அது. எண்கோட்பாட்டில் ஓப்பன்ஹைம் 1929-இல் எழுப்பிய ஊகத்தை மார்குலிஸ் 1980-களில் தீர்த்தது இந்த வழியாகத்தான். ரகுநாதனின் ஊகத்தை முழுமையாக நிறுவியவர் ராட்னர், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஒரே ஒரு பாதையைப் பற்றித்தான் எண்கோட்பாட்டாளர் கேட்கிறார், 'ஏறத்தாழ எல்லா' என்ற பதில் அவருக்குப் பயன்படாது என்று விரிவுரையாளர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த அந்த ஆய்வு மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாம் நாளில் பங்கேற்பாளர்களின் சிற்றுரைகள் நடந்தன. இந்த ஆய்வுக்குத் தேவையான செய்தி அவற்றில் இல்லை.

மாற்றப்பட்டவை

அடுத்த முறைக்கான செய்முறைக் கையேட்டைத் திருத்திவிட்டேன். இரட்டித்தல் சார்பு முதல் நாளிலேயே வருகிறது. பிர்காஃப் தேற்றம் அதற்குப் பின்னரே. 0.1-இன் பாதையை 60 அடிகள் வரை அச்சிட்டுப் பார்ப்பதுதான் முதல் பயிற்சி; எதிர்பார்க்க வேண்டிய விடை கையேட்டில் தரப்படவில்லை. 1/7, 1/11 ஆகியவற்றைக் கையால் செய்த பிறகே விகிதத்தைக் கணிக்கும் நிரல். ஒரு விடை எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தால், நிரலைத் திருத்துவதற்கு முன் பாதையை அச்சிடுக என்று பொறுப்பாளருக்கான குறிப்பில் சேர்த்திருக்கிறேன். அது எனக்காக எழுதியது.

ஓதக் கணக்கில் எஞ்சியிருந்தது ஒன்று. பயிலரங்கு ஐந்து நாளில் முடிந்துவிட்டதால் திரும்பிவரும் நாளை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கரையிலேயே வீடு உள்ள ஒரு மாணவர், உயர் ஓதம் 5 மணி 25 நிமிடத்தை ஒட்டி வந்ததாகத் தாம் குறித்த ஒரு நாளிலிருந்து தொடர்ந்து பார்ப்பதாகச் சொன்னார். எங்கள் அட்டவணைப்படி 15 நாள் கழித்து, 5 மணி 37 நிமிட அளவில், அது மீண்டும் வர வேண்டும். பதினைந்தாம் நாள் அவரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது: வாடைக் காற்று இருந்தது, துறைக் கல்லில் ஈரம் ஏறிய கோட்டை வைத்துத்தான் பார்த்தேன் சார், ஐந்தே காலிலிருந்து ஆறு மணி வரை தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது, அதற்குள் எந்த நிமிடம் என்று சொல்ல முடியவில்லை.